காலுக்கேற்ற காலணி

மக்கள் தம் உடம்பின் உறுப்புக்களுள் முகத்துக்குச் செய்யும் சிறப்பில் நூற்றிலொரு பங்கேனும் காலுக்குச் செய்வதில்லை. கண் மங்கினால் மருத்துவரை நாடுகின்றோம்; அவர் ஆடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் குறித்துக் கொடுத்த மூக்குக்கண்ணாடியையே அணிகின்றோம். விலை மலிவென்று பிறர் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வார் ஒருவருமில்லை. ஆயின், உடம்பின் பொறை முழுவதையும் நாள்தோறும் சுமக்கும் காலுக்கோ, கடையில் அடுக்கியிருப்பனவற்றுள் நிறத்தால் மனங்கவர்ந்த ஒன்றை எடுத்து, இரண்டடி நடந்து பார்த்து, "போகப் போகச் சரியாகிவிடும்" என்று நமக்கு நாமே ஆறுதல் கூறிக்கொண்டு வாங்கி வருகின்றோம். இவ்வழக்கம் தீது என்பதும், காலை அளந்து அதற்குப் பொருந்தியதனையே தரும் கடைகளும், அத்தொழிலைக் கற்ற பணியாளரும் நம் நாட்டில் பெருகவேண்டும் என்பதுமே எம் கருத்து. இஃது ஆடம்பரத்தைப் பற்றிய பேச்சென்று அன்பர்கள் தள்ளிவிடாது கேட்பாராக.

தமிழர்க்குக் கால் இழிந்ததொரு பொருளன்று. இறைவனைப் பாடுங்கால் அவன் திருமுகத்தினும் திருவடியையே மிகுதியாகப் பாடியவர் நம் முன்னோர். பெரியோரைக் காணின் அவர் அடியையே தொடுகின்றோம். ஆனால் அவ்வடியைக் காக்கும் செருப்போ நம்மிடையே வசைச் சொல்லாயிற்று. அதனைச் செய்பவர் ஊர்ப்புறத்தே ஒதுக்கப்பட்டார். பண்டை நிலை இதுவன்று போலும். சங்கத்துச் சான்றோர் அதனைத் 'தொடுதோல்' என்று இயல்பாகவே வழங்கினர். பெரும்பாணாற்றுப்படையோ, நெடுவழிச் செல்லும் வணிகர் அணிந்ததனை அடியை மறைக்கும் 'அரணம்' என்றே பெயரிடுகின்றது. நகரைக் காக்கும் மதிலுக்குரிய சொல்லைக் காலணிக்கும் தந்த அப்புலவரின் நுண்ணுணர்வு வியக்கத்தக்கது. அரண் என்பது அளவறிந்து கட்டப்படுவது; அளவு பிழைத்த அரண் உள்ளிருப்பாரையே வருத்துமன்றோ?

காலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். முதிர்ந்த மனிதர் உடம்பில் எண்ணப்படும் எலும்புகள் 206. அவற்றுள் ஒவ்வொரு பாதத்திலும் 26 உள்ளன. ஆகவே இரு பாதங்களிலுமாக 52. உடம்பின் எலும்புகளில் ஏறக்குறைய நாலிலொரு பகுதி கணுக்காலுக்குக் கீழேயே அமைந்து கிடக்கின்றது. இவை வில்லென வளைந்து நின்று, நடக்கும்போது தாழ்ந்தும் எழுந்தும் உடம்பின் அதிர்ச்சியைத் தாங்குகின்றன. அவ்வளைவு சிலர்க்கு உயர்ந்தும், சிலர்க்குத் தாழ்ந்து தட்டையாயும் இருக்கும். ஒருவருடைய இரு பாதங்களுமே பெரும்பாலும் ஒத்த அளவின அல்ல. இவ்வளவு வேறுபாடுடைய உறுப்புக்கு ஓர் எண்ணை மட்டும் சொல்லிக் காலணி கேட்பது, "சட்டைக்குத் துணி வேண்டும், உயரம் ஐந்தரை அடி" என்று மட்டும் தையற்காரரிடம் சொல்லியனுப்புவதனை ஒக்கும்.

அவ்வெண்ணின் வரலாறும் அறியத்தக்கது. நம் கடைகளில் பெரிதும் வழங்கும் ஆங்கில அளவு, வாற்கோதுமை மணியின் நீளத்தை அடிப்படையாகக் கொண்டது. ஓரெண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றிலொரு பங்கு வேறுபாடு. ஐரோப்பியர் வழங்கும் பாரிசு அளவிலோ அவ்வேறுபாடு ஒரு செண்டிமீட்டரில் மூன்றிலிரு பங்கு. இவ்விரண்டும் நீளத்தையே கூறுவன. அகலத்தைக் கூறுவன அல்ல. நம்மவர் பாதமோ அகன்றது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களைக் கருவி கொண்டு அளந்தனர். இந்தியர் பாதம் பொதுவில் மேனாட்டார் பாதத்தினும் அகலமுடையது என்பது அவ்வளவையாற் புலனாயிற்று. அதன் பயனாகப் பாரதம் என்னும் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு 'பா' என்னும் புதிய அளவுமுறையும் முன்மொழியப்பட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் உள்ள நம் தொழிலாளர் பிற நாட்டார் காலின் அச்சுக்களில் அழகிய காலணிகளைத் தைத்துக் கடல் கடந்து அனுப்பி வருகின்றனர். உலகத்தார் காலுக்கெல்லாம் தைத்த நாடு தன் மக்களின் காலை அளக்க இத்துணைக் காலம் தாழ்த்தது வருந்தத்தக்கதே.

நிற்க. நல்ல காலணிக்கு இலக்கணம் யாது? குதிகாலைச் சூழும் பின்பகுதி விரலால் அழுத்தினால் மடங்காது உறுதியாய் நிற்றல் வேண்டும். காலணி விரல்களின் அடியில், பாதம் இயல்பாக வளையும் இடத்திலேயே வளைதல் வேண்டும். நடுவே துணிபோல் மடிவது வளைவைத் தாங்காது. விரல்கள் நெருக்குண்ணாது பரந்து கிடத்தற்கு முன்பக்கம் இடந்தருதல் வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னே ஒரு கட்டைவிரல் அகலம் வெற்றிடம் இருத்தல் நன்று. இரு பாதங்களுள் பெரியதற்கே அளவு கொள்ளல் வேண்டும். காலை வேளையினும் மாலை வேளையில் பாதம் சற்றே பருத்திருக்குமாதலின், மாலையில் வாங்குவதே அறிவுடைமை. இவ்விலக்கணத்துள் விலையைப் பற்றியோ, பெயர்பெற்ற முத்திரையைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை என்பதை அன்பர்கள் கருதுக.

இவ்விலக்கணம் அறிந்த கடைக்கும் அறியாத கடைக்கும் உள்ள வேற்றுமையை யாம் நேரிற் கண்டதுண்டு. எம் விடுதித் தோழர் ஒருவர்க்குக் குதிகாலில் நெடுநாள் வலி. முதலில் நகரின் பெரியதொரு கடைக்கு அவருடன் சென்றேம். விளக்கொளியும் குளிர்காற்றும் அங்கே குறைவின்றி இருந்தன. பணியாளர் கேட்டது ஒரே வினா: "எத்தனாம் நம்பர்?" எட்டென்றதும் எட்டு வந்தது, விரல் நெருக்குகின்றது என்றதும், "நாலு நாளில் விட்டுக்கொடுக்கும்" என்ற மறுமொழியும் உடன் வந்தது. வாங்காது மீண்டேம். பின்னர் ஒரு மருத்துவமனைக்கு அருகே, பாத நோயாளர்க்கெனக் காலணி விற்கும் சிறு கடையொன்றுக்குச் சென்றேம். அங்கிருந்த முதியவர் தோழரை இருக்கையில் அமர்த்திப் பழைய காலணியைக் கழற்றச் செய்து, முதலில் அதன் அடிப்புறத்தைத் திருப்பித் தேய்வு எப்பக்கம் என்று பார்த்தார். பின், இரு காலையும் தாளின்மேல் ஊன்றி நிற்கச் செய்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றுவரை வரைந்தார். வலப்பாதம் சிறிது நீண்டிருந்தது, வளைவு தாழ்ந்திருந்தது. "தம்பி, மாலையில் ஒருமுறை வாருங்கள். நாள் முழுதும் நின்ற காலுக்குத்தான் அளவு பார்க்கவேண்டும்" என்றார். மாலையில் சென்றபோது விலையுயர்ந்த ஒன்றைத் தோழர் சுட்ட, "ஐயா, அது உங்கள் காலுக்கு வேண்டுவதில்லை, இதுவே போதும்" என்று குறைந்த விலையதனையே எடுத்துக் கொடுத்தார். வாங்குவோனுக்கு வேண்டாததனை வேண்டாம் என்று சொல்லும் வணிகனே வணிகன் என்று யாம் அன்று உணர்ந்தேம்.

கருவிகள் இருந்தால் இவ்வறிவு வேண்டாவோ எனின், வரலாறு வேறு கூறுகின்றது. 1920களில் அமெரிக்கரான சார்லசு பிரானக் என்பார் பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும், குதிகாலிலிருந்து விரலடி வரையுள்ள தொலைவையும் ஒருங்கே காட்டும் எளிய உலோகக் கருவியொன்றை அமைத்தார்; அஃது இன்றும் பயன் தருகின்றது. அதே காலத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் காலணிக் கடைகளில் எக்ஸ் கதிர்ப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சிறுவர் அவற்றுள் காலை நீட்டித் தம் எலும்புகளைக் கண்டு மகிழ்ந்தனர். அளவுக்கு அப்பெட்டி சிறிதே உதவிற்று. விளம்பரத்துக்கே பெரிதும் உதவிற்று. கதிரின் தீங்கு தெளிவானபின், 1957ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலம் அதனைத் தடுத்தது. பிற இடங்களிலும் அது மறைந்தது. கருவி நன்றோ தீதோ ஆவது அதனைக் கையாள்வோனின் நோக்கத்தாலேயே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இதன்கண் அடங்கிய இடையூற்றைக் கூறுவோம். 2023ஆம் ஆண்டில் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையார் தொகையை 10.1 கோடி எனக் கணித்தது. அந்நோய் முற்றியவருட் பலர்க்குப் பாதத்தில் உணர்ச்சி குன்றுகின்றது. செருப்பினுள் கிடக்கும் சிறு கல்லையும், நெருக்கும் வாரையும் அவர் உணரார். புண் உண்டாவதையும் உணரார். உணரும்போது விரலோ காலோ இழக்கும் நிலை வந்தெய்தியிருக்கும். இவ்வுண்மையை உலகம் கற்றதில் நம் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1914இல் கொல்லிமலையிற் பிறந்து, 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு என்னும் பெருந்தகை, தொழுநோயாளர் கைகால்கள் தாமே அழுகி வீழ்வன அல்ல, வலி உணராமையால் இடையறாத காயமுற்றுக் கெடுவனவே என்று காட்டினார். அவரும் அவருடன் உழைத்தோரும் நுண்ணறைகள் கொண்ட மெல்லிய ரப்பரை அடியில் வைத்துத் தைத்த செருப்புக்களை அந்நோயாளர்க்கு அணிவித்தனர். 1966இல் அவர் அமெரிக்கா சென்றபின் அவ்வறிவே ஆண்டு நீரிழிவாளர் பாதங்களைக் காக்கவும் பயன்பட்டது. அறுவை மருத்துவத்தில் வல்ல ஒருவர் செருப்புத் தைப்பதனையும் தம் கலையின் பகுதியாகவே கொண்டார். காலணி விற்பவர் தம் தொழிலை எளிதென எண்ணலாமோ?

நம் முன்னோர் வெறுங்காலுடன் நடந்து வாழ்ந்திலரோ என்பார் உளர். வாழ்ந்தனர்; ஆனால் வயல்வரப்பின் மென்மண் வேறு, நண்பகலிற் கொதிக்கும் தார்ச்சாலை வேறு. அன்றியும், கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடம்பினுட் புகுகின்றது. அக்காலத்தார் பலர் அதனால் இரத்தம் வற்றி மெலிந்தமையும் உண்மையே.

அளந்து விற்பது விலையை உயர்த்தும் என்பார் உளர். பொருந்தாத இரண்டு இணைகளை வாங்குவதினும் பொருந்திய ஓரிணை மலிவு. வளரும் பிள்ளைக்கு, "அடுத்த ஆண்டுக்கும் ஆகும்" என்று இரண்டளவு பெரிதாக வாங்கும் சிக்கனம், இவ்வாண்டு முழுதும் அப்பிள்ளையை இடறி நடக்கச் செய்யும் செலவாகவே முடியும். இணையவழி வாங்குவோரும் தம் பாதத்தைத் தாளில் வரைந்து நீள அகலம் குறித்துக்கொண்ட பின்னரே வாங்குவாராக.

மூன்றாவது தடையே வலியது. பிறர் காலடியில் அமர்ந்து அளவெடுப்பது இழிதொழில் என்னும் எண்ணம் கற்றாரிடத்தும் ஒளிந்து கிடக்கின்றது. தோலைத் தொட்டவரைத் தொடாத சாதிப்பேயின் எச்சம் அது. மருத்துவர் காலைத் தொட்டால் கலை, கடைக்காரர் தொட்டால் இழிவு என்பது எவ்வறத்தின்பாற் படும்? அளக்கும் கையை மதியாத நாட்டில் அளக்கக் கற்பார் யார்? கற்பார் இல்லாத இடத்தில் நம் காலுக்கு நலம் எங்ஙனம் வரும்? ஆகவே, இத்தொழிலாளரை மதித்தல் அவர்க்கு யாம் இடும் பிச்சையன்று. நமக்கே யாம் செய்துகொள்ளும் நன்மையாகும்.

இன்னொன்றும் சொல்லற்பாலது. நமக்குக் காலணி காட்டும் பணியாளர் பலர் நாள் முழுதும் நின்றே உழைப்பவர். கடைப்பணியாளர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021ஆம் ஆண்டில் சட்டத்திருத்தம் செய்தது. அச்சட்டம் ஏட்டில் நில்லாது கடையில் நிற்கின்றதா என்று பார்ப்பது வாங்கச் செல்வோர் கடமையுமாகும். தம் கால் நோவுடன் பிறர் காலுக்கு நலம் தேடுவோரைக் கண்டு வாளாவிருத்தல் முறையன்று.

மாணவ அன்பர்காள்! அடுத்த முறை கடைக்குச் செல்லுங்கால், "என் காலை அளந்து தாருங்கள்" என்று கேண்மின். பத்துப்பேர் கேட்டால் அளவுகோல் தானே வரும். நம் கல்லூரியும் ஆண்டுதோறும் நிகழும் மருத்துவச் சோதனையில் பாதங்களையும் சேர்த்துக் காணல் நன்று. அதனினும் முன்னதாக, விடியுமுன் நம் முற்றங்களைப் பெருக்குவோர்க்கும், சமையற்கூடத்து ஈரத்தரையில் நிற்போர்க்கும், இரவெல்லாம் வாயில் காப்போர்க்கும் ஆண்டுக்கோர் இணை பொருந்திய காலணியை அளந்து அளித்தல் வேண்டும் என்று யாம் ஆசிரியப் பெருமக்களையும் பழைய மாணவர்களையும் வேண்டுகின்றேம். அறம் பெரிய மேடைகளிலேதான் நிகழும் என்பதில்லை. ஒரு தாளும் ஒரு பென்சிலும் கொண்டு ஒருவர் பாதத்தைச் சுற்றி வரையும் கோட்டினுள்ளும் அஃது அடங்கும்.