கடல் திருப்பிக் கொடுத்த ரீல்!

கைப்பேசியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடலடியிலிருந்து எடுத்த ஏதோ ஒன்று. சிப்பியும் சேறுமாக, என்னவென்றே தெரியாத ஓர் உருண்டை. இரண்டு கைகள் அதைத் தட்டுகின்றன, தேய்க்கின்றன, கழற்றுகின்றன. பத்தாவது நிமிடத்தில் பளபளவென்று ஒரு பழைய தூண்டில் ரீல் சுழல்கிறது. 'அட!' என்பதற்குள் விரல் அடுத்த வீடியோவுக்குத் தாவிவிடுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தில் சரியாகக் காட்டப்படாத ஒன்று உண்டு. வாளித் தண்ணீரில் அந்த ரீல் சும்மா கிடந்த நாட்கள்! பாதி வேலை அங்கேதான் நடக்கிறது.

உப்புக்குள் ஒரு பேட்டரி

அமெரிக்காவின் பிலடெல்ஃபியா நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஓட்டோ ஹென்ஸே 1932-ல் தொடங்கிய நிறுவனம் பென். அதன் 'செனட்டர்' ரக ரீல்கள் 1936-ல் வந்தன. பெரிய மீனை இழுத்துப் பிடிப்பதற்கென்றே செய்தவை. கறுப்பு பேக்லைட் பக்கத் தட்டுகள், அவற்றைச் சுற்றி குரோம் பூசிய பித்தளை வளையங்கள், உள்ளே பற்சக்கரங்கள், ஸ்பிரிங்குகள். மீன் வெடுக்கென்று இழுக்கும்போது பிடி நழுவினால், கம்போடு ரீலும் கடலுக்குள் போய்விடும்.

கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. வெவ்வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி உப்புத் தண்ணீரில் கிடந்தால், அது ஒரு சின்ன பேட்டரி. அதில் எளிதில் கரையக்கூடிய உலோகம் தான் அரிபட்டு, பக்கத்திலிருப்பதைக் காப்பாற்றும். இங்கிலாந்து விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி 1824-லேயே இதைப் பயன்படுத்தினார். கப்பலின் அடிப்பாகத்துச் செம்புத் தகடு அரிக்காமலிருக்க, இரும்பு, துத்தநாகத் துண்டுகளை அதோடு இணைக்கச் சொன்னார். இன்றும் கப்பல்களின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

ரீலுக்குள்ளும் இதே கதைதான். பித்தளைப் பற்சக்கரம் பல் உடையாமல் இருக்கும். அதை ஒட்டியிருந்த எஃகு ஸ்பிரிங் இருந்த இடத்தில் செம்மண் போல ஒரு கறை மட்டும் மிஞ்சும். அலுமினிய பாகமென்றால் வெள்ளைப் பொடியாக உதிரும்.

வெளியே வந்தால்தான் ஆபத்து

கடலில் இத்தனை காலம் கிடந்ததே, கரைக்கு வந்துவிட்டால் பிழைத்தது என்று நினைத்து வெயிலில் காயவைப்பவர்கள் உண்டு. அதுதான் பெரிய தவறு. சேற்றுக்குள் புதைந்திருந்தபோது ஆக்சிஜன் குறைவு. வெளியே காற்று தாராளம். உலோகத்தின் நுண்ணிய துளைகளில் உப்பு இன்னும் இருக்கிறது. காற்றும் ஈரமும் உப்பும் சேர்ந்தால் துரு வேகமெடுக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் உள்ளிருந்து பிளக்கும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864-ல், சார்ல்ஸ்டன் அருகே மூழ்கிய 'ஹன்லி' நீர்மூழ்கிக் கப்பலை 2000 ஆகஸ்ட் 8-ல் வெளியே எடுத்தார்கள். எடுத்ததும் துடைத்துக் காட்சிக்கு வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியில் வைத்தார்கள். 2014 முதல், உப்பை வெளியே இழுக்க காரக் கரைசலில் ஆண்டுக்கணக்கில் ஊறவைத்தார்கள்.

ரீலுக்கு அவ்வளவு தேவையில்லை. நல்ல தண்ணீரே போதும். முழுவதும் மூழ்கும்படி வாளியில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். சில வாரங்கள் பிடிக்கலாம். காஸ்டிக் சோடாவை வீட்டில் முயலவே கூடாது. கையைப் புண்ணாக்கும்; அலுமினியத்தைத் தின்று, தீப்பிடிக்கும் ஹைட்ரஜனை வெளிவிடும்.

வினிகர், அளவோடு

சிப்பி ஓடு சுண்ணாம்புச் சத்து. வினிகர் பட்டதும் நுரைத்துக் கரையும். ஆனால், ராத்திரி ஊறட்டும் என்று விட்டுவிட்டால், பித்தளையிலுள்ள துத்தநாகம் போய் மேலே செம்பு நிறம் தட்டும். கொஞ்ச நேரம் ஊறவைப்பது, கழுவுவது, பார்ப்பது, தேவைப்பட்டால் மறுபடி. வினிகர் இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அது நுரையீரலைப் பாதிக்கும் விஷம்.

இறுகிய திருகை பலத்தால் திருப்பினால் தலை உடையும். எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருந்தால் பல நேரம் அசையும். கழற்றுகிற ஒவ்வொரு பாகத்தையும் கழற்றிய வரிசையில் ஒரு துணியில் வைத்து, கைப்பேசியில் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டி.

உள்ளே சுற்றியிருக்கும் நைலான் நரம்பை வெட்டி எடுத்து, குப்பைத் தொட்டியில் போட வேண்டும். மறுபடி கடலுக்குப் போனால் அது மீனையும் பறவையையும் சுற்றிக்கொள்ளும். சீக்கிரம் மக்கவும் செய்யாது.

முதலில் தேடவேண்டியது

தேய்ப்பதற்கு முன் செய்யவேண்டிய ஒரு வேலை இருக்கிறது. பக்கத் தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்ப்பது. மீன்பிடிப்பவர்கள் தங்கள் பெயரையோ, பெயரின் முதல் எழுத்துகளையோ ரீலில் ஆணியால் கீறி வைப்பதுண்டு. கம்பி பிரஷ்ஷை அவசரமாக ஓட்டினால், துருவோடு அந்த எழுத்தும் போய்விடும். துருவுக்கு மாற்று மருந்து உண்டு. அழிந்த பெயருக்குக் கிடையாது.

நினைத்துப் பாருங்கள். அந்த இரண்டு எழுத்தை வைத்து உரியவரைத் தேடிக் கண்டுபிடித்தால்? அவர் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளை இருக்கலாம். 'அப்பா அன்றைக்கு வெறுங்கையோடு வந்தார்' என்று மட்டும் அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். அவர்களுக்குப் பளபளக்கும் ரீல் தேவையில்லை. அப்பாவின் கையெழுத்து இருந்தால் போதும்.

அதனால்தான் அனுபவசாலிகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுவதில்லை. கைப்பிடியின் தேய்மானத்தை அப்படியே விடுகிறார்கள். அரித்துப்போன ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, கிரீஸ் தடவிப் பூட்டுகிறார்கள். சுழன்றால் சந்தோஷம். சுழலாவிட்டால் அலமாரியில் ஓரிடம்.

ரீலுக்குள் 'டிராக்' என்று ஒரு பிரேக் உண்டு. மீன் பலமாக இழுக்கும்போது அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். விடாப்பிடியாக நின்றால் நரம்பு அறுந்துவிடும். பழுதுபார்ப்பவரின் கைக்கும் அதே விதிதான்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போய்வந்தால், சைக்கிளையும் சாவிக்கொத்தையும் துடைப்பதோடு நிறுத்தாதீர்கள். அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, பிறகு துடையுங்கள். உப்பு காத்திருக்காது!