அச்சு அசல்

காலி வீதியில், வெள்ளவத்தை ஜவுளிக்கடை வாசல்களில் காஞ்சிபுரம் உடுத்து வெள்ளைக்கார மூக்கோடு நிற்கும் பொம்மைகளைத் திட்டுவது இந்தப் பத்தியின் பழைய வியாதி. இந்த வாரம் அவை தப்பின. எரிச்சல் மூட்டியது ஒரு சொல்: சிலிக்கோனில் வார்த்த தலை எதைக் கண்டாலும் நம்மவர் வாயில் வரும் 'அச்சு அசல்'. ஆளின் முகத்திலேயே அச்சு எடுத்தால் ஆள் அப்படியே வந்துவிடுவார் என்ற நம்பிக்கை அது. வரமாட்டார்.

தலைமயிரை ஒட்டுத்தொப்பிக்குள் அடக்கி, புருவத்தில் வாசலின் பூசி, மூக்குத் துவாரங்களை மட்டும் விட்டு அல்ஜினேட்டை அப்புகிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுப்பது, பல் வைத்தியர் தாடையின் பதிவெடுக்க வாயில் வைக்கும் சாமான்தான். அதன் மேல் பிளாஸ்டர் துணி. இத்தனையும் ஏறினால் முகம் என்ன செய்யும்? கண் மூடும், கன்னம் பாரத்தில் தொங்கும், வாய் இறுகும். தோலின் துளை வரை பதிந்திருக்கும், ஆள் மட்டும் இருக்கமாட்டார். ஆகவே அந்த அச்சில் களிமண்ணையோ மெழுகையோ வார்த்து, ஒரு சிற்பி உட்கார்ந்து இமையைத் திறக்கிறார், கன்னத்தை மேலே ஏற்றுகிறார். அதிலிருந்து இரண்டாவது அச்சு, அதற்குள்தான் சிலிக்கோன். அதிலும் ஒரு வேடிக்கை: நல்லவகைச் சிலிக்கோனுக்குக் கந்தகம் ஆகாது. இறப்பர் கையுறை பட்ட இடம் உறையாமல் பிசுபிசுத்தே கிடக்கும். 1876 இல் ஹெனரத்கொடவில் இறப்பர் நட்ட நாட்டுக்கு இது கொஞ்சம் அவமானந்தான்.

கண் திறப்பது நமக்குப் புதிய விஷயமா? கோயில் சிலையில் சிற்பி கண்ணைக் கடைசிக்கு விட்டுவைப்பதைக் கொட்டாஞ்சேனைக்காரருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சிங்களவரின் நேத்திர மங்கலத்தில் ஓவியர் புத்தரை நேரே பாராமல் கண்ணாடியில் பார்த்தே விழி எழுதுவார். ஆனந்த குமாரசுவாமி இதை 1908 இல் வந்த தம் இடைக்காலச் சிங்களக் கலை நூலில் விவரிக்கிறார். அந்த நூலை இங்கே எத்தனையாவது தடவையாக இழுக்கிறேன் என்று எண்ணுபவர்கள் எண்ணட்டும். கொழும்பில் பிறந்த தமிழர், கண்டிக் கைவினைஞரைப் பற்றி எழுதி, வில்லியம் மொரிஸின் கைஅச்சு இயந்திரத்தில் 425 பிரதிகள் மட்டும் அடித்தார். அச்சுக்கும் கை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'இப்போதுதான் முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறதே, கண்ணைத் திறந்து வைத்தே எடுக்கலாமே' என்பார்கள். எடுக்கலாம், பாரமும் இல்லை, மூச்சுத் திணறலும் இல்லை. ஆனால் ஸ்கேன் தடுமாறுவதே ஈரம் மினுங்கும் விழியிலும் மயிரிலுந்தான். இன்னொரு கட்சி 'தசாவதாரம்' படத்தைக் காட்டும்: 2008, மைக்கேல் வெஸ்ட்மோரின் ஒப்பனை, பத்து வேடம். அந்தப் பத்துக்கும் அடியில் இருந்தது கமலின் ஒரே தலை. அச்சே முகமென்றால் பத்து கமல்தானே வந்திருக்கவேண்டும்? சில வேடங்களில் முகம் அசையவேயில்லை என்பது என் கட்சி. அந்தக் குறையும் கையினதே, நிறையும் கையினதே.

சிலிக்கோன் தலை அச்சிலிருந்து வெளியே வரும்போது மொட்டையாக இருக்கும். புருவத்து மயிரை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி நடவேண்டும்.