கைப்பேசியும் ழகரமும்

திருப்பதியில் பயிலும் நான் விடுமுறைதோறும் சித்தூர் வீட்டிற்குச் செல்வதுண்டு. அங்கே பாட்டிக்கு வானொலி, அப்பாவுக்குத் தமிழ் நாளேடு, அம்மாவுக்குத் திருமலை தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய பக்தித் தொலைக்காட்சி, தம்பிக்குக் கைப்பேசி. ஆளுக்கொரு கருவி, அதில் எனக்குக் குறையில்லை.

என் கவலை வேறு. அப்பா மடியிலமர்ந்து நாளேட்டை எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவன் நான். தெலுங்குப் பள்ளியில் பயிலும் தம்பிக்கோ அந்தத் தேவையே எழவில்லை. வேலூர் அத்தைக்குத் தமிழில் குரற்செய்தி அனுப்புகிறான். எழுத நேர்ந்தால் தமிழைத் தெலுங்கு எழுத்தில் எழுதுகிறான். இன்று வழங்கும் தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரம் இல்லை. ஆகவே நம் மொழியின் பெயரே அவன் விரலில் ‘தமிள்’ ஆகிவிடுகிறது!

தெலுங்கைப் பழிக்கவில்லை, நமக்குச் சோறிடும் மண்ணின் இன்மொழி அது. கருவியைப் பழிக்கவும் வழியில்லை. 1991-இல் வந்த யூனிக்கோடு முதற்பதிப்பிலேயே இரு மொழிகளுக்கும் இடமுண்டு. 1999-இல் தமிழக அரசு ‘தமிழ்99’ விசைப்பலகையை ஏற்றது. எழுத்து கைப்பேசிக்குள்ளேயே காத்திருக்கிறது, அழைக்காதவர் நாமே.

1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது. எல்லை மாறினால் பள்ளியின் மொழி மாறலாம். பள்ளி தராததை வீடு தரலாகாதா? தமிழின் முதலெழுத்துகள் முப்பதே. நாளுக்கு ஒன்றெனில் ஒரு திங்கள் போதும்.

சென்ற விடுமுறையில் தம்பிக்குக் கற்பிக்கத் தொடங்கினேன். நேற்று அவன் அத்தைக்கு எழுதினான்: “வாழைப்பழம் கொண்டு வாங்க.” இரண்டு ழகரம், இரண்டும் பிழையில்லை!

நண்பர்களே, உங்கள் வீட்டுத் தம்பிக்கும் ஒரு திங்கள் ஒதுக்குவீர்களா?