கறுப்பு ஆயில் கெட்ட ஆயிலா? லோடு வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு!

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். பெரம்பலூர் மாவட்டம், பாடாலூர் பக்கம். வாசலில் நின்ற பிக்கப் வண்டியின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சித்தப்பா கோபமாக நின்றிருந்தார். கையில் ஆயில் ஸ்டிக். அதைத் துடைத்த வெள்ளைத் துணியில் கரியை அப்பிய மாதிரி கறுப்பு.

“பாரு பாப்பா, ஆயில் மாத்தி நாலு நாள்தான் ஆகுது. அதுக்குள்ள இந்தக் கோலம். பழைய ஆயிலையே ஊத்தி ஏமாத்திட்டானோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், இதே சித்தப்பாதான் இரண்டு வருஷத்துக்கு முன்னால், “டீசல் வண்டின்னா ஆயில் கறுப்பாத்தான் இருக்கும், இன்னும் ஒரு மாசம் ஓட்டலாம்” என்று தள்ளிப்போட்டவர். அந்த ஒரு மாதம் மூன்று மாதம் ஆனது. ஒரு விடியற்காலை சின்ன வெங்காய மூட்டைகளோடு திருச்சி மண்டிக்குப் போகும்போது, சமயபுரம் வருவதற்கு முன்பே இன்ஜின் பிடித்துக்கொண்டது. பேரிங் தேய்ந்து, கிராங்க் வரைக்கும் அடி. வண்டி ஒரு மாதத்துக்கு மேல் பட்டறையில் நின்றது. வண்டி நின்றால் டியூ நிற்குமா? சித்தியின் தோடு அடகுக் கடைக்குப் போனது அப்போதுதான்.

இரண்டு தடவையும் சித்தப்பா பார்த்தது ஆயிலின் நிறத்தை. இரண்டு தடவையும் அது அவருக்குச் சரியான பதிலைச் சொல்லவில்லை. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஏன் கறுக்கிறது?

டீசல் எரியும்போது கரித்துகள் உண்டாகும். அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே உள்ள ஆயிலில் கலக்கும். அந்தக் கரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகிவிடாமல், ஆயிலிலேயே மிதக்கும்படி பிடித்து வைக்கத்தான் டீசல் இன்ஜின் ஆயிலில் சில ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். போதாததற்கு, பழைய ஆயிலை எவ்வளவு வடித்தாலும் இண்டு இடுக்கில் கொஞ்சம் தங்கிவிடும். அதனால் புது ஆயில் ஊற்றிச் சில நாள்களிலேயே, சில வண்டிகளில் அன்றைக்கே, கறுத்துவிடும். கறுத்தது என்றால் ஆயில் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம்.

அப்படியென்றால் மாற்றவே வேண்டாமா? அங்கேதான் ஆபத்து. கரியைப் பிடித்து வைக்கும் சக்திக்கும், எரிபொருளில் இருந்து வரும் அமிலத்தை முறிக்கும் சக்திக்கும் ஓர் அளவு உண்டு. அது தீர்ந்த பிறகும் ஆயில் அதே கறுப்பாகத்தான் இருக்கும். நான்கு நாள் ஆயிலையும் ஒரு வருஷ ஆயிலையும் பக்கத்தில் வைத்தால், கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது.

மீட்டர் சொல்லாத கிலோமீட்டர்

“அப்ப எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?” என்று சித்தப்பா கேட்டார். வண்டியோடு கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்தோம். அதில் இருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரண ஓட்டத்துக்கானது. கூடவே ஒரு மாதக் கணக்கும் இருக்கும். இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதுதான் கெடு. தூசி, முழு லோடு, குறைந்த தூர ஓட்டம், நின்றபடியே இன்ஜின் ஓடுவது இவையெல்லாம் ‘கடினமான ஓட்டம்’. அப்படி ஓடும் வண்டிக்குக் கெடுவைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைக் கையேட்டில் பார்க்கலாம், இல்லாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

நம் பக்கத்து வண்டிகளை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சிமென்ட் ஆலைகள், அவற்றுக்குப் போய்வரும் லாரிகள். அந்தச் சாலைகளில் பின்னால் போகிற பிக்கப்புக்குத் தூசிதான் சாப்பாடு. பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். காட்டுப் பாதையில் முதல் கியரில் ஏறி, லோடு ஏற்றும் வரை ஓடவிட்டு, மண்டி வாசலில் வரிசையில் நின்று, பிறகு திருச்சி நெடுஞ்சாலையில் முழுப் பாரத்தோடு ஓட்டம். கையேட்டில் ‘கடினமான ஓட்டம்’ என்று எழுதியிருப்பது நம் அன்றாட ஓட்டம்தான்.

நின்றபடி ஓடும் இன்ஜினுக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் நின்றபடி ஓடினால், ஏறத்தாழ 40 முதல் 50 கிலோமீட்டர் ஓடிய தேய்மானம் என்பது வாகனத் துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. தினமும் இரண்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 50 மணி நேரம். அதாவது 2,000 முதல் 2,500 கிலோமீட்டர். இது மீட்டரில் ஏறவே ஏறாது. சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

தூசிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஏர் ஃபில்டர் கிழிந்திருந்தாலோ, சரியாக உட்காராமல் இருந்தாலோ, மண்துகள் நேராக சிலிண்டருக்குள் போகும். அங்கிருந்து ஆயிலுக்கு வரும். அதற்குப் பிறகு அது ஆயில் இல்லை, உப்புத்தாள். ஆயில் மாற்றும் அன்றைக்கு ஏர் ஃபில்டரையும் கழற்றிப் பாருங்கள்.

எந்த ஆயில்?

“கடைக்காரர் கொடுத்தது” என்பது பதில் இல்லை. கையேட்டில் போட்டிருக்கும் தடிமன் எண், தரக் குறியீடு இரண்டும் டப்பாவில் இருக்க வேண்டும். பழைய டீசல் வண்டிகள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 ஓடும். ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்-6 வந்துவிட்டது. புகைக் குழாயில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப் வடிகட்டி உள்ள வண்டிகளுக்குச் சாம்பல் குறைவான தனி ஆயில் வேண்டும். கரியை அந்த வடிகட்டி தானே எரித்துவிடும். ஆயில் விட்டுச்செல்லும் சாம்பலை எரிக்க முடியாது. ஆயிலில் மிச்சம் பிடிக்கப் போய் வடிகட்டி அடைத்துக்கொண்டால், செலவு பல மடங்கு.

நாங்கள் மாற்றிய விதம்

அடுத்த வீட்டு அண்ணனிடமும் ஒரு லோடு வண்டி இருக்கிறது. அதற்கு அன்றைக்குக் கெடு. “வாங்க, இதை நாமளே மாத்திடலாம்” என்றார். நான் டார்ச் பிடித்தேன்.

1. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு கட்டாயம்.

2. இன்ஜினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு வடியும். கொதிக்கும் ஆயில் கையைப் பொசுக்கிவிடும். ஜாக்கிரதை.

3. மேல் மூடியைத் திறந்துவிட்டு, சேம்பருக்குக் கீழே உள்ள டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி அகலமான பாத்திரத்தில் பிடியுங்கள். அவசரப்படாமல் சொட்டு நிற்கும் வரை விடுங்கள். ஆயிலில் உலோகத் துணுக்குகள் மின்னினால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

4. போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான். அது கசிந்தால் நடுவழியில் ஆயில் காலி.

5. ஃபில்டரையும் மாற்றுங்கள். பழைய ஃபில்டரோடு அதன் ரப்பர் வளையமும் வந்துவிட்டதா என்று பாருங்கள். வளையத்தின் மேல் வளையம் உட்கார்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, கையாலேயே முறுக்குங்கள். வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று போதும். உள்ளே செருகும் வகை ஃபில்டர் என்றால் கையேட்டில் உள்ளபடி செய்யுங்கள்.

6. சொன்ன அளவைவிட அரை லிட்டர் குறைவாக ஊற்றி, ஸ்டிக்கில் பார்த்துக்கொண்டே மீதியைச் சேருங்கள். அதிகம் ஊற்றினாலும் கெடுதல்தான், நுரைத்துப் போகும்.

7. ஸ்டார்ட் செய்யுங்கள். சிவப்பு ஆயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அதுவரை ஆக்ஸிலேட்டரைத் தொடாதீர்கள். டர்போவுக்கு ஆயில் போய்ச் சேர நேரம் வேண்டும். நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து மறுபடி அளவைப் பாருங்கள், கசிவும் பாருங்கள்.

ஸ்டிக்கில் எதைப் பார்ப்பது?

நிறத்தைவிட அளவை. வாரம் ஒரு நாள் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்பு பாருங்கள். அளவு இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிகிறது அல்லது இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. தானாக ஏறினால், டீசல் கலக்கிறது. டி.பி.எஃப் உள்ள வண்டி சின்னச் சின்ன தூரமே ஓடினால் இப்படி ஆகலாம். பால் ஊற்றிய காபி மாதிரி இருந்தால், தண்ணீர் கலந்திருக்கிறது. ஓட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், “அடுத்த ஊர் வரைக்கும்” என்று இழுக்காமல் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். அன்றைக்குச் சித்தப்பாவின் வண்டியிலும் அது எரிந்திருக்கிறது. “மண்டிக்கு நேரமாச்சு, இறக்கிட்டுப் பாத்துக்கலாம்னு நெனச்சேன்” என்றார், இரண்டு வருஷம் கழித்து.

வடித்த ஆயிலை என்ன செய்வது?

பாத்திரத்தில் இருந்த பழைய ஆயிலை அண்ணன் வேலியோரம் ஊற்றப் போனார். சித்தி குறுக்கே வந்துவிட்டார். “அந்தாண்ட கிணறு இருக்குப்பா!” ஒரு லிட்டர் பழைய ஆயில் பத்து லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரைக் கெடுக்க முடியும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி வெங்காயம் போடும் ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கறையானுக்கு மரத்தில் பூசுவது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது என்றெல்லாம் நம் ஊரில் பழக்கம் உண்டு. அதில் இருக்கும் உலோகங்களும் நச்சுப் பொருள்களும் தோலுக்கும் மண்ணுக்கும் ஆகாது. 2016 விதிகளின்படி பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வதில் ஆயில் தயாரிப்பாளர்களுக்கும் பொறுப்பு உண்டு என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் சேர்த்து, மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரிலோ பட்டறையிலோ கொடுங்கள். புது ஆயில் வந்த காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே டப்பாவில் போலி ஆயில் திரும்பி வரலாம்.

மாலையில் கிளம்பும்போது பார்த்தேன். சமையலறைச் சுவரில், கேஸ் சிலிண்டர் தேதி எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், சித்தப்பா சாக்பீஸால் இரண்டு வரி எழுதியிருந்தார். ஆயில் மாற்றிய தேதி, மீட்டர் எண். அதற்குக் கீழே அடுத்த கெடு. கிலோமீட்டரைச் சித்தி திருத்தியிருந்தார். மண்டியில் நிற்கும் நேரத்தையும் கழித்திருந்தார்.

உங்கள் வண்டிக்கு அடுத்த கெடு எப்போது? ஸ்டிக்கை எடுக்கும் முன்பு கையேட்டை எடுங்கள்.