புகாரை மூடும் பொத்தான் யார் கையில்?

1/ கிளினிக் நடத்தும் டாக்டர்கள், ஆஸ்பத்திரி மேனேஜர்கள், அவங்களுக்கு "ஆட்டோமேஷன்" விற்கிற தம்பிகள் எல்லாருக்கும் இது. நீளமான த்ரெட். கோபமாத்தான் எழுதறேன். அந்தக் கோபத்துல பாதி என் மேலதான்னு முதல்லயே சொல்லிடறேன்.

2/ விஷயம் புதுசா கேக்கறவங்களுக்கு: ஒரு வரி கோடு எழுதாம ஒரு ஆப்பை இன்னொரு ஆப்போட கோர்க்கலாம். ஜாப்பியர், மேக், என்8என், நம்ம ஜோஹோ ஃப்ளோ எல்லாம் இதுக்குத்தான். "இது நடந்தா அதைச் செய்", அவ்வளவுதான் விதி. நோயாளி கூகுள் ஃபார்ம் நிரப்பினா ஷீட்டில் ஒரு வரி விழும், வாட்ஸ்அப்பில் நன்றி போகும், ஊழியரின் வேலைப் பட்டியலில் ஒரு கார்டு ஏறும். அரை நாள் வேலை.

3/ கெலமங்கலத்தில் எங்க கிளினிக்கிலும் போட்டோம். வந்து போன ஐந்தாம் நாள் நோயாளிக்கு ஒரு லிங்க் போகும். நட்சத்திரம் கொடுக்கலாம், கீழே எதாவது எழுதலாம். "ரத்தம், மூச்சு, காய்ச்சல், வலி"ன்னு சில வார்த்தைகள் இருந்தா நர்ஸுக்கு அலர்ட். மத்ததெல்லாம் "சேவைக் குறை". 48 மணி நேரம் யாரும் தொடலைன்னா கார்டு தானா மூடிக்கும். டேஷ்போர்டு எப்பவும் பச்சையா இருந்துச்சு. பெருமையா இருந்துச்சு.

4/ ஒரு பொண்ணு வந்தா. கம்பெனி லைனில் வேலை. சிறுநீர்த் தொற்று. இந்தப் பக்கம் வாரத்துக்கு நாலு பேராவது இப்படி வருவாங்க. ஷிஃப்ட்டில் பாத்ரூம் போக முடியாதுன்னு தண்ணியே குடிக்க மாட்டாங்க. கோட்ரைமாக்சசோல் ஏழு நாளுக்கு எழுதினேன். இது சல்ஃபா வகை மருந்து. முன்னாடி எந்த அலர்ஜியும் இல்லைன்னு சொன்னா.

5/ ஐந்தாம் நாள் லிங்க் போச்சு. ரெண்டு நட்சத்திரம் கொடுத்து, கீழே ஆங்கில எழுத்தில் தெலுங்கு எழுதியிருந்தா: "ஒள்ளந்தா தத்துர்லு". உடம்பு முழுக்கத் தடிப்பு. என் வார்த்தைப் பட்டியலில் தெலுங்கும் இல்ல, தடிப்பும் இல்ல. சேவைக் குறைன்னு கார்டு விழுந்துச்சு. யாரும் தொடல. தானா மூடிக்கிச்சு. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி"ன்னு மெசேஜும் போச்சு.

6/ எட்டாம் நாள் அம்மா கூட்டிட்டு வந்தாங்க. கண் சிவந்து, உதடெல்லாம் புண்ணு. ஸ்டீவன்ஸ் ஜான்சன் தொடங்கற அறிகுறி. பார்த்ததும் கை நடுங்கிச்சு. "ஏம்மா முன்னாடியே சொல்லல?"ன்னு கேட்டேன். "மெசேஜ்லதான் சொன்னோமே சார். சரி பண்ணிட்டோம்னு பதில் வந்துச்சே. அதான் மிச்ச மாத்திரையையும் போட்டுட்டா."

7/ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டா. ஆனா இந்த நோயில் முதல் சிகிச்சையே சந்தேகப்படுற மருந்தை உடனே நிறுத்துவதுதான். எவ்வளவு சீக்கிரம் நிறுத்தறோமோ அவ்வளவு நல்லது. அந்த ரெண்டு நாளை அவகிட்ட இருந்து பறிச்சது நான் கோர்த்த சங்கிலி. மாத்திரையை எழுதினதும் நான், "தீர்ந்தது"ன்னு பொய் சொல்ல மெஷினுக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்.

8/ இப்ப என் வாதத்துக்கு வரேன். மத்த தொழிலில் ஃபீட்பேக்னா கருத்து. மருத்துவத்தில் அது பல நேரம் அறிகுறி. "மாத்திரை ஒத்துக்கல", "தையல் போட்ட இடம் ஈரமா இருக்கு", "குழந்தை பால் குடிக்கல". இதையெல்லாம் ஹோட்டல் ரிவ்யூ மாதிரி வாங்கி ஹோட்டல் ரிவ்யூ மாதிரி மூடறோம்.

9/ விக்கிற தம்பிகள் காட்டுற முதல் டெமோ என்ன தெரியுமா? நாலு நட்சத்திரமும் அதுக்கு மேலயும் போட்டவங்களுக்கு கூகுள் ரிவ்யூ லிங்க். மூணும் அதுக்குக் கீழயும் போட்டவங்களுக்கு ஒரு தனி ஃபார்ம். திருப்தியானவர் ஊருக்கே சொல்லலாம், கஷ்டப்பட்டவர் கிணத்துக்குள்ள கத்தணும். நல்லதுக்கு மட்டும் ஆள் பொறுக்கி ரிவ்யூ கேக்கறதை கூகுளின் விதியே தடை செய்யுது. டாக்டர்கள் அதைக் காசு கொடுத்து வாங்கறோம்.

10/ அரசுப் பக்கமும் பார்ப்போம். "மேரா அஸ்பதால்"னு மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் தொடங்கின திட்டம். எஸ்.எம்.எஸ், தானியங்கி ஃபோன் அழைப்பு, ஆப், இணையம் வழியா நோயாளிகிட்ட திருப்தியான்னு கேக்கும். இல்லைன்னா ஊழியர் நடத்தையா, சுத்தமா, செலவான்னு காரணம் கேக்கும். நல்ல முயற்சி. ஆனா அது சேவையின் தரத்தை அளக்கற கருவி. வீட்டுல தடிப்போட உக்காந்திருக்கறவளுக்கு அது வழி இல்ல.

11/ மருந்தின் பக்கவிளைவுக்கு வேற பாதை இருக்கு. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2010-ல் தொடங்கினது. 1800-180-3024 இலவச எண். டாக்டர் மட்டுமில்ல, நர்ஸ், மருந்தாளுநர், நோயாளி யார் வேணும்னாலும் தெரிவிக்கலாம். நம்ம மருந்துச் சீட்டில் எத்தனை பேர் இந்த எண்ணை அச்சடிச்சிருக்கோம்? நானும் அச்சடிக்கல. ஃபீட்பேக் ஆப் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். நடுவுல கோர்க்க வேண்டிய ஆள் டாக்டர்தான்.

12/ எங்க ஊர்ல தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் புழங்கும். ஓசூர் வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் பிள்ளைங்க இந்தி பேசுவாங்க. எல்லாரும் எல்லா மொழியையும் ஆங்கில எழுத்தில் அடிப்பாங்க. இங்க வார்த்தையைத் தேடி ஆபத்தைக் கண்டுபிடிக்கிற ஃபில்டரை நம்பறது முட்டாள்தனம். அந்த முட்டாள்தனத்தை நான் செஞ்சேன்.

13/ தீர்வுக்கு வெளிநாடு போக வேண்டாம், என் நோயாளிகளே சொன்னாங்க. வண்டி கட்டற லைனில் "ஆண்டான்" விளக்கு இருக்கும். டொயோட்டாவில் இருந்து வந்த முறை. பிரச்சினைன்னா தொழிலாளி கயிறை இழுப்பார் இல்ல பட்டனை அமுக்குவார், விளக்கு எரியும், லீடர் நேரில் வந்து நிப்பார். சரியாகலைன்னா லைனே நிக்கும். "கொஞ்ச நேரம் யாரும் வரலைன்னா விளக்கு தானா அணையும்"னு எவனாவது அமைப்பானா? போல்ட்டுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு வேண்டாமா?

14/ நாங்க மாத்தினது:
ஒன்று, நட்சத்திரத்துக்கு முன்னாடி ஒரே கேள்வி, எல்லா மொழியிலும், குரல் பதிவோட: "வீட்டுக்குப் போன பிறகு உடம்புக்கு ஏதாவது புதுசா தொந்தரவு இருக்கா?" ஆம், இல்லை. ஆம்னா அன்னிக்கு டியூட்டி நர்ஸுக்கு ஃபோன் அடிக்கும். 15 நிமிஷத்தில் எடுக்கலைன்னா எனக்கு.

15/ ரெண்டு, தானா மூடற விதியைத் தூக்கிட்டோம். ஃபோனில் பேசின பிறகு நோயாளிக்கு ஒரு மெசேஜ் போகும். "சரியாச்சு"ன்னு அவங்க அமுக்கினாத்தான் கார்டு மூடும். டேஷ்போர்டு இப்ப பாதி சிவப்பு. அதான் உண்மை.

16/ மூணு, தினமும் காலையில் ஒரு போலிப் புகார் நாங்களே அனுப்பறோம். ஃபோன் அடிக்கணும். இந்தச் சங்கிலி சத்தமில்லாம அறுந்துபோகும்: பாஸ்வேர்டு மாறும், ஃபார்மில் ஒரு கேள்வியின் பெயர் மாறும், மாசக் கணக்கு தீரும். எரர் மெயில் வேலையை விட்டுப்போன பையனுக்குப் போகும். ஆக்சிஜன் சிலிண்டரைத் தினம் செக் பண்றோம்ல, அதே மாதிரி.

17/ நாலு, நோயின் பெயர், மருந்தின் பெயர் எதுவும் இந்தச் சங்கிலியில் போகாது. டோக்கன் எண்ணும் "கூப்பிடு" என்ற சொல்லும் மட்டும். நடுவுல எத்தனை கம்பெனியின் சர்வர் இருக்குன்னு நமக்கே தெரியாது. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. சட்டம் வரலைன்னாலும், நோயாளியின் ரகசியம் நம்ம தொழிலின் முதல் பாடம்.

18/ "டாக்டர், எல்லாருக்கும் ஃபோன் பண்ண ஆளுக்கு எங்க போறது?"ன்னு கேப்பீங்க. எங்களுக்கு ஒரு நாளைக்கு ஆறேழு கால் வருது. பாதி "சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா" ரகம். ஒரு நர்ஸின் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் இல்லைன்னா ஃபீட்பேக் கேக்காதீங்க. கேக்காதவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டாங்க. கேட்டுட்டு, கேட்டாச்சுன்னு பதிலும் போட்டுட்டு, காது கொடுக்காதவனை நம்பித்தான் அவ மிச்ச மாத்திரையைப் போட்டா.

19/ ஆட்டோமேஷன் வேண்டாம்னு சொல்லல. இப்பவும் அதே கருவிதான் ஓடுது, அதே அரை நாள் வேலைதான். முன்னாடி அது என் பேரைக் காப்பாத்த ஓடுச்சு. இப்ப நர்ஸின் ஃபோனை அடிக்க ஓடுது.

20/ சக டாக்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னிக்கு ராத்திரி வீட்டு ஆளு யாரோட நம்பர்ல இருந்தாவது உங்க கிளினிக் லிங்க்கில் ஒரு புகார் போடுங்க. "மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு"ன்னு, உங்க ஊர்ல பேசற மொழியில. எத்தனை மணிக்கு, யார் கூப்பிடறாங்கன்னு பாருங்க. யாரும் கூப்பிடாம "நன்றி" மட்டும் வந்தா, நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்தச் சங்கிலியை நிறுத்துங்க.