லைக்ரா எத்தனை சதவீதம்? துணியிலேயே எழுதுங்கள்

கரிசலில் பருத்தி விளைந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் நூற்பும் நெசவும் தலைமுறைகளாக நடந்துவருகின்றன. இன்று இங்குள்ள ஜவுளிக்கடைகளில் பெண்கள் கேட்டு வாங்குவது இழுத்தால் இழுபட்டு, விட்டால் சுருங்கும் லெக்கிங்ஸ். செயற்கை இழை பருத்தியை விழுங்கிவிட்டது என்று வருந்துவோர் உண்டு. அந்த வருத்தத்தில் பாதிதான் நியாயம். இழுபடும் இழையை விரட்ட வேண்டியதில்லை. எந்த இழை எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்பதை ஆடையிலேயே, தமிழில், எளிதாகப் படிக்கும் எழுத்தில் அச்சிட்டால் போதும்.

ஸ்பான்டெக்ஸ் எனப்படும் இந்த இழையை 1958-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் உருவாக்கினார். லைக்ரா என்பது அதன் வணிகப் பெயர். பாலியூரித்தேன் மூலக்கூறில் நெகிழும் பகுதிகளும் இறுகிய பகுதிகளும் மாறி மாறி அமைந்திருப்பதால், இழை ஐந்து மடங்குக்கு மேல் நீண்டும் பழைய அளவுக்குத் திரும்புகிறது. ஆனால் லைக்ரா தனித்து ஆடையாவதில்லை. ஜீன்ஸில் ஓரிரு சதவீதம், பருத்தி லெக்கிங்ஸில் ஐந்து சதவீதத்தை ஒட்டி இருந்தாலே போதும். மீதி என்ன இழை என்பதுதான் உடம்புக்கு முக்கியம். சாதாரண ஈரக்காற்றில் 100 கிராம் பருத்தி சுமார் 8 கிராம் ஈரத்தை ஏற்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட ஏற்காது. கடையில் தொட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். கத்திரி வெயிலில் மிளகாய்ப் பழம் பறிக்கும் பெண்ணுக்கு வேறுபாடு தெரிந்துவிடும்.

விளையாட்டு வீரர்கள் பாலியஸ்டர்தானே உடுத்துகிறார்கள், அது விலையும் குறைவு, சீக்கிரம் காய்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். மெல்லிய பின்னலில் வியர்வை பரவி, காற்றில் ஆவியாகும். ஆனால் சேலைக்கும் சுடிதாருக்கும் உள்ளே இறுக்கமாக அணியும் தடித்த துணிக்கு அந்தக் காற்று எட்டாது. நரம்புச் சுருட்டலுக்கு மருத்துவர் சொல்லும் அழுத்தக் காலுறைக்கு இழுபடும் இழை இன்றியமையாதது. அதை யாரும் மறுக்கவில்லை. விலை பார்த்துப் பாலியஸ்டரைத் தேர்வதும் வாங்குகிறவர் உரிமை. உள்ளே இருப்பதை மறைத்து விற்றால் அந்த உரிமைக்குப் பொருளில்லை.

பொடி எழுத்தை யார் படிக்கப்போகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. அதனால்தான் பெரிய எழுத்து வேண்டும். சூடான இஸ்திரியிலும் ப்ளீச்சிங் பவுடரிலும் கடும் வெயிலிலும் லைக்ரா தளர்கிறது. பருத்தி நன்றாக இருக்கும்போதே முழங்கால் தொளதொளத்து, ஆடை குப்பைக்குப் போகிறது. சதவீதம் தெரிந்தவர் துவைக்கும் முறையை மாற்றிக்கொள்வார். திருப்பூர்ப் பின்னலாடைக் கழிவை மீண்டும் நூலாக்கும் மேற்கு மாவட்ட ஆலைகளுக்கும் இந்த விவரம் தேவை. இழுபடும் இழை பிரித்தெடுக்கும் இயந்திரத்தில் சிக்கித் தொல்லை தருகிறது.

உள்ளே லைக்ரா, மேலே பருத்தி என்று நூற்கும் முறை நூற்பாலைகளுக்குப் புதிதல்ல. அப்படி நூற்றால் தோலைத் தொடுவது பருத்தியே. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிரதமர் மித்ரா ஜவுளிப் பூங்கா 2023-இல் அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து வெளிவரும் ஒவ்வோர் ஆடையிலும் இழை விவரம் தமிழில் இருக்க வேண்டும் என்பதை அரசு நிபந்தனையாக்கட்டும். கரிசல் பருத்திக்கு வாங்குவோரைத் தேடித் தர, நேர்மையான அந்த ஒரு வரி உதவும்.