நரியும் பரியும் ஆட்டுக்குட்டியும்

பகுத்தறிவாளர் மாயக்கதை படிக்கலாமா? இந்தக் கேள்வி நம் தோழர்களிடையே அடிக்கடி எழுகிறது. பேய், பூதம், அரக்கன், பேசும் விலங்கு, பறக்கும் கம்பளம் ஆகியவற்றை மேடையேறி மறுக்கும் நாம், அவற்றையே ஏட்டில் வைத்துச் சுவைப்பது முறைதானா என்று கேட்கிறார்கள். கேள்வியிலே நேர்மை இருக்கிறது. ஆனால் குற்றவாளியை விட்டுவிட்டு வழிப்போக்கனைப் பிடிக்கும் கேள்வி அது. படிக்கலாம் தோழர்களே! படிக்கத்தான் வேண்டும். ஏன் என்பதற்குக் கோரிப்பாளையத்தைவிடப் பொருத்தமான இடத்திலிருந்து விளக்கம் சொல்லிவிட முடியாது.

கோரிப்பாளையம் வையையின் வடகரை. ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்தால் தென்கரை. அங்கேதான் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள் நடந்தனவாம். நரி பரியானது. கல் யானை கரும்பு தின்றது. கடவுள் கூலியாளாகி, உதிர்ந்த பிட்டுக்காக மண் சுமந்து, பாண்டியனிடம் பிரம்படி பட்டார். அந்த அடி அரசன் முதுகிலும் விழுந்தது. அண்டத்து உயிர்கள் அத்தனையின் முதுகிலும் விழுந்தது.

கற்பனை என்ற அளவில் இதனை நாம் பழிக்கவில்லை. பழிப்பானேன்? கூலிக்காரன் மேல் விழுந்த அடி, அடித்தவன் முதுகிலேயே விழுகிறது! எத்தகைய கரு! எழுதத் தெரிந்தவன் கையில் கிடைத்தால் அரியணைகளை ஆட்டம் காணச் செய்யும் புதினமாகும். ஆனால் இந்நாட்டிலே அது என்னவாயிற்று? "இது கதையல்ல, நடந்தது" என்றார்கள். ஆவணி தோறும் விழா எடுத்தார்கள். புட்டுத்தோப்பிலே கூட்டம் சேர்ந்தது. கடவுளின் முதுகுக்காகக் கசிந்த கண்கள், அதே வையைக் கரையில் உண்மையாகவே மண் சுமந்த மக்களின் முதுகைப் பார்க்க மறந்தன. கதையை மெய்யாக்கினார்கள், கதைக்குள் இருந்த மெய்யைக் கொன்றார்கள்.

இன்னும் கொடிய எடுத்துக்காட்டும் நம் கண்ணெதிரே படுத்திருக்கிறது. மதுரையைச் சுற்றியுள்ள யானைமலை, நாகமலை, பசுமலை மூன்றும் சமணர் ஏவிவிட்ட யானையும் பாம்பும் பசுவும் கல்லாய்ச் சமைந்தவை என்று புராணம் பேசுகிறது. யானைமலைப் பாறையிலோ தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. குகையிலே தங்கி ஏடெழுதி வாழ்ந்தவர்கள் சூனியக்காரர் ஆக்கப்பட்டார்கள். கழுவிலே எண்ணாயிரவர் ஏறினார்கள் என்ற செய்தி வெற்றியாகப் பாடப்பட்டது. அது நடந்ததா என்பதிலே வரலாற்றாசிரியர்களுக்குள் வழக்கு உண்டு. அதனைக் கேட்டுக் களித்த நெஞ்சங்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தன என்பதிலே வழக்கில்லை. மெய் என்று மகுடம் சூட்டப்பட்ட மாயக்கதை செய்யும் வேலை இதுதான்.

இப்போது வேறொரு மாயக்கதையைக் காட்டுகிறோம். இருபதாம் நூற்றாண்டுக்குப் பிந்தியது, நம் நாட்டினது, நம் மொழியினது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'.

அது பிறந்த வரலாறு பலருக்கும் தெரியும். 2010-இல் வெளிவந்த 'மாதொருபாகன்' திருச்செங்கோட்டுத் திருவிழாவைத் தொட்டது. நான்காண்டு கழித்து, 2014-ஆம் ஆண்டின் இறுதியில், நூல் கொளுத்தப்பட்டது. பின்னர் கடையடைப்பு நடந்தது. 2015 சனவரியில், தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அந்த மனிதர் உலகுக்கு அறிவித்தார். 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பூனாச்சி வந்தாள். மனிதரைப் பற்றி எழுத அச்சம், கடவுளரைப் பற்றி எழுத அதனினும் அச்சம். ஆகவே ஆட்டைப் பற்றி எழுதினேன் என்ற பொருள்பட அவர் முன்னுரையிலே சொல்கிறார். பணிவு போலத் தோன்றும் சொல். படித்துப் பாருங்கள், சவுக்கு!

கதை என்ன? அசுரனைப் போன்ற ஒருவன், கைப்பிடிக்குள் அடங்கும் கருப்பு வெள்ளாட்டுக்குட்டி ஒன்றை ஏழைக் கிழவனிடம் கொடுக்கிறான். ஒரே ஈற்றில் ஏழு குட்டி போடும் அதிசயப் பிறவி என்கிறான். கிழவி அதனைக் குழந்தையாய் வளர்க்கிறாள். குட்டியின் கண்ணால் உலகம் விரிகிறது. அந்நாட்டிலே ஆடு பிறந்தால் அரசிடம் பதிய வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். காதிலே துளையிட்டு அடையாளம் மாட்ட வேண்டும். கருப்பு ஆடு இருட்டிலே தெரியாது. ஆகவே அது ஐயத்துக்குரியது! கருப்பைக் கண்டால் கலங்கும் ஆட்சிகளை அறிந்த நமக்கு இந்த இடத்தில் புன்னகை வராமல் இருக்குமா? பிறகு காதல், பிரிவு, தாய்மை, வறட்சி, பசி. ஏழு குட்டி ஈனும் அதிசயமே அவளுக்கு நுகத்தடியாகிறது. பெண்ணின் உடல் பிறருக்கு வருவாய் ஆகும் கொடுமையை ஆயிரம் சொற்பொழிவு சொல்லும். இந்த ஆடு ஒரு முறை சொன்னால் நெஞ்சிலே தைத்துவிடுகிறது.

இத்தகைய நூல்களை வாசகர் ஏன் நெஞ்சோடு அணைக்கிறார்கள்?

முதற்காரணம், நேர்மை. "நான் கதை" என்று முதற்பக்கத்திலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறது. அந்தப் பொய்யிலே ஏய்ப்பு இல்லை. உண்டியல் இல்லை, பூசாரி இல்லை, நம்பாதவனுக்கு நரகம் இல்லை.

இரண்டாவது, அது முடிகிறது. ஒரே நூலில் தொடங்கி அந்நூலிலேயே முடியும் தனிப் புதினத்தின் பெருமை இதுவே. உள்ளே அழைத்துப் போகிறது, சுற்றிக் காட்டுகிறது, கதவைத் திறந்து வெளியே அனுப்பிவிடுகிறது. வெளியே வந்தவன் தன் தெருவைப் புதுக்கண்ணால் பார்க்கிறான். புராணத்துக்கோ முடிவில்லை. படலத்தின் மேல் படலம், தலபுராணத்தின் மேல் தலபுராணம். உள்ளே போனவனை வெளியே விடுவதே இல்லை.

மூன்றாவது, வாயடைக்கப்பட்ட காலத்துக்கு அது வாய். ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை'யைப் பதிப்பகங்கள் பல தட்டிக் கழித்தன. 1945-இல் அது வெளிவந்தபோது, புரட்சியைத் தின்ற பன்றிகளை உலகம் அடையாளம் கண்டது. 1989-இல் தலைக்கு விலை வைக்கப்பட்ட ருஷ்டி, அடுத்த ஆண்டே தம் மகனுக்காகக் கதைக்கடலைப் பற்றிய மாயப் புதினம் எழுதினார். அதிலே கடலுக்கு நஞ்சூட்டுபவன் மௌனத்தின் தலைவன். கோவிலைக் கேட்டாலும் மசூதியைக் கேட்டாலும் மாளிகையைக் கேட்டாலும், வாயடைக்க வருபவன் முகம் ஒன்றே.

நான்காவது, பழகிப்போன மடமையை அது புதுமையாக்கிக் காட்டி நகைக்க வைக்கிறது. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்பதற்காக லில்லிபுட் குள்ளர்கள் போர் புரிந்ததை 1726-இல் சுவிஃப்ட் எழுதினார். நாமத்தின் வடிவுக்காக வடகலையும் தென்கலையும் நீதிமன்றப் படியேறிய நாட்டிலே அந்தக் கதைக்கு உரை வேண்டுமா?

நம் எழுத்துலகமும் இதனை அறியாததல்ல. கந்தசாமிப் பிள்ளையிடம் கடவுளை அனுப்பிச் சென்னைத் தெருவிலே திண்டாடவிட்டார் புதுமைப்பித்தன். அண்ணாவோ 'நீதிதேவன் மயக்கம்' நாடகத்தில், விண்ணுலக மன்றத்திலே இராவணனை வாதாட வைத்துக் கம்பனைக் கூண்டிலேற்றினார். நம்பவா எழுதினார்கள்? சிந்திக்க எழுதினார்கள்.

"பசித்தவனுக்கு மாயக்கதை எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. பசித்தவனிடம் பசியைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்பது ஆண்டைகளின் கருத்து. இன்றுள்ள உலகம் ஒன்றுதான் உலகம் என்று எண்ணுகிறவன் அதனை மாற்ற எழமாட்டான். வேறோர் உலகைக் கற்பனை செய்யும் பழக்கம் உடையவனே இவ்வுலகை ஏனென்று கேட்பான்.

கோரிப்பாளையத்துத் தோழர்களுக்கு நூல் கிடைக்காத குறை இல்லை. 2023 சூலை 15-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையிலே நிற்கிறது. தமுக்கம் திடலிலே புத்தகத் திருவிழா நடந்திருக்கிறது. எடுத்துப் படியுங்கள். படித்த பின் படிப்பகத்திலே வைத்து வாதிடுங்கள். எந்தக் கதையையும் இரண்டே கேள்வியால் நிறுத்துப் பாருங்கள்: இது தன்னைக் கதை என்று ஒப்புகிறதா? என்னைக் கேள்வி கேட்க விடுகிறதா? ஆம் என்றால், அதிலே அரக்கன் வரட்டும், ஆடு பேசட்டும், மலை நடக்கட்டும். அது நம் தோழன். இல்லை என்றால், அதிலே அற்புதம் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அது பகை.

நரியைப் பரியென்று நம்பச் சொல்பவனிடம் விழிப்பாயிருப்போம். ஆட்டுக்குட்டியின் கதை சொல்பவனுக்குத் திண்ணையிலே இடம் கொடுப்போம்.